ஏழுமலையின் மேலுதடு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் வாயைத்தான் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டாள். பால்காரரையும் பஸ் கண்டக்டரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். செங்கல்பட்டில் ஒரு பேண்ட் செட்டில் யூபோனியம் ஊதியே முடி நரைத்தவன் நான். மார்போடு அணைத்துப் பிடித்து ஊதுகிற அந்தப் பித்தளை வாத்தியத்தில் சத்தம் பிறப்பது உதட்டில்தான். பித்தளை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் பார்வை வாய்க்குப் போய்விடுகிறது.

போன மாதம் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்தார். சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு சேர்ந்து பித்தளை வாத்தியம் ஊதுகிறாராம். மேல் சுரமெல்லாம் சுலபமாக வருகிறது, கீழே இறங்கினால் வெறும் காற்றுதான் வருகிறது என்று குறைப்பட்டார். இணையத்தில் பத்து வீடியோ பார்த்தாராம், பத்தும் பத்து விதமாகச் சொல்கிறதாம். போனில் வாயைப் பார்க்க முடியாதே, நேரில் வாருங்கள் என்றேன். அவர் வருவதற்குள் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, கீழ் சுரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி ஏழுமலையின் மேலுதட்டிலிருந்து தெரிந்துகொண்டது.

நான் பேண்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அத்தா பஜாரில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மழை பெய்தால் எங்கள் வீட்டில் கறி, வெயிலடித்தால் ரசம். பக்கத்துக் கடைக்காரர் சிபாரிசில் பேண்டில் சேர்ந்தேன். முதலில் கிளாரினெட் கொடுத்தார்கள், அது என் கையில் வாத்துபோல் கத்தியது. அதைப் பிடுங்கிக்கொண்டு யூபோனியத்தைக் கொடுத்தார்கள். அதோடு ஒட்டிக்கொண்டேன். நிக்காஹ் ஊர்வலம், சாமி புறப்பாடு, திருவிடந்தைக் கல்யாணங்கள், பள்ளிக்கூட விழா என்று சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையுமாக ஊர் ஊராகப் போனோம்.

எங்கள் பேண்ட் மாஸ்டர் கன்னியப்பன். அவர் ஊதுவது கார்னெட், ட்ரம்பெட்டின் குட்டித் தம்பி. ஆள் ஒல்லி, குரலும் ஒல்லி. யாரையும் திட்டியதில்லை. தப்பாக ஊதினால் "இன்னொரு தபா" என்பார். மறுபடியும் தப்பென்றால் அதே குரலில் "இன்னொரு தபா". அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்து சில பேர் வேலையை விட்டே போயிருக்கிறார்கள். திட்டினால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு குடோனில்தான் பயிற்சி. பேஸ் என்று நாங்கள் சொல்கிற பெரிய வாத்தியம் இருக்கிறதே, மடியில் குழந்தையை உட்காரவைத்த மாதிரி வைத்துக்கொண்டு ஊதுவது, அதற்கு மாஸ்டர் தனியாக நேரம் ஒதுக்குவார். கீழ் சுரத்துக்கு அவர் வைத்திருந்த முறை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நேராகக் கீழே குதிக்க விடமாட்டார். சௌகரியமான நடுச் சுரத்தில் தொடங்கி, அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்க வேண்டும். மேல்படியில் சத்தத்துக்கு இருந்த பருமன் கீழ்ப்படியிலும் இருந்தால்தான் அடுத்த படிக்கு அனுமதி. உதட்டை வைத்து ஊதுகிற கிண்ணம்போன்ற மவுத்பீஸை வாயிலிருந்து எடுக்கச் சொல்லி, ஊதுகிறவன் பக்கத்தில் வந்து, தன் புறங்கையை அவன் உதட்டுக்கு எதிரே நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்ப்பார். சூடான டீயை ஆற்ற ஊதினால் காற்று மெல்லியதாகக் குளிர்ச்சியாக வரும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க "ஹா" என்று விட்டால் அகலமாக வெதுவெதுப்பாக வரும். மேல் சுரத்துக்கு முதலாவது, கீழ் சுரத்துக்கு இரண்டாவது. கை குளிர்ந்தால் "இன்னொரு தபா".

கீழே போக வேண்டுமென்றால் பலமாக ஊத வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. தாடை இறங்கி, பல்லுக்குப் பல் இடைவெளி விட்டு, வாய்க்குள் "ஓ" என்று இடம் கொடுக்க வேண்டும். உதட்டின் நடுப்பகுதி தளர வேண்டும், ஆனால் இரண்டு ஓரமும் இறுக்கமாக நிற்க வேண்டும். ஓரமும் தளர்ந்தால் கன்னம் உப்பிச் சத்தம் பொத்தலாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மவுத்பீஸை உதட்டில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் உதடு ஆடாது, உதடு ஆடாவிட்டால் கீழ் சுரம் ஏது?

இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே செய்தவன் ஏழுமலை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அகலத் தோள், அகல வாய். அவன் கீழ் பி ஃபிளாட் என்கிற அடிச் சுரத்தைப் பிடித்தால் பந்தல் கால் அதிரும் என்று நாங்கள் கேலி செய்வோம். உண்மையிலேயே ஒருமுறை சாப்பாட்டு மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பேண்டில் ஒரு சட்டம் இருந்தது. முன்பல் போனவன் பித்தளை வாத்தியத்தைத் தொடக் கூடாது. சிம்பல் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முன்னால் ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஒருவர் உச்சத்தில் ஊதும்போது அவருடைய பொய்ப்பல் தெறித்து மாப்பிள்ளை காருக்கு முன்னால் விழுந்ததாம். அபசகுனம் என்று பெண் வீட்டார் ரகளை செய்து, பேண்டைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாஸ்டர் போட்ட சட்டம் அது. "சுவரு இருந்தாத்தான் சித்திரம்" என்பார் மாஸ்டர். அவருக்குப் பல்தான் சுவர். சிம்பல் தட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் பாட்டு முழுவதையும் தோளில் சுமந்தவனைக் கடைசி வரிசையில் நின்று தட்டச் சொன்னால் அவன் மனசு என்ன பாடுபடும்?

ஒரு வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம் ஏழுமலைக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. சில வாரம் கழித்துத் திரும்பி வந்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, மற்றபடி பழைய ஏழுமலைதான். பேஸை எடுத்து ஊதினான். நடுச் சுரம் வந்தது, மேல் சுரமும் வந்தது. கீழே இறங்கியதும் புஸ்ஸென்று காற்று.

"இன்னொரு தபா" என்றார் மாஸ்டர். மறுபடியும் புஸ்.

விஷயம் சாதாரணமில்லை. அந்த சீசனுக்கு மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் எங்களுக்கு வேலை கிடைக்கிற நேரம். ஊர்வலம் இல்லை, கோட்டில் வியர்வை இல்லை. மாலையில் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாக ஊத வேண்டும். முன்னால் ஒருமுறை எங்கள் வாசிப்பைக் கேட்டிருந்த ஓட்டல் மேனேஜருக்குப் பேஸ் சத்தம்தான் பிடித்திருந்தது. அதனால் மாஸ்டர் முதல் பாட்டைப் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்குகிற மாதிரி அமைத்திருந்தார். முதல் சுரமே கீழ் பி ஃபிளாட். மேனேஜர் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வார். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழுமலைக்கு வரவில்லையென்றால் பேஸ் உனக்கு, இப்போதே பழகிக்கொள் என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? பேஸ் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். வீட்டுக்கு எடுத்துப் போய் ஊதிப் பார்த்தேன். கீழ் சுரம் எனக்கு மெலிந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. அங்கேதான் எனக்கு நமைச்சல் ஆரம்பித்தது. எனக்கே வருகிறது, ஏழுமலைக்கு ஏன் வரவில்லை?

முதலில் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டோம். வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தோம். ஒன்றுமில்லை. அடுத்து உடம்பைச் சந்தேகப்பட்டோம். மஞ்சள் காமாலை ஆளை உருக்கிவிட்டது என்று மாஸ்டர் தினம் காலையில் அவனுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தார். ஏழுமலை மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் குடித்தான். பிறகு யாரோ கண்ணேறு என்று சொல்ல, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். கீழ் சுரம் எதற்கும் மசியவில்லை.

நான் என் வழக்கப்படி வாயைப் பார்த்தேன். ஊதி முடித்ததும் உதட்டில் மவுத்பீஸின் வட்டத் தடம் பதிந்திருக்கும். எல்லோருக்கும் மேலும் கீழும் லேசாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஏழுமலைக்கு மேலுதட்டில் மட்டும் அரைவட்டம், செக்கச் செவேலென்று. கீழுதட்டில் சுத்தமாக ஒன்றுமில்லை. அழுத்துகிறான் என்பது தெரிந்தது. ஆனால் ஒரு மனிதன் எதற்காக மேலே மட்டும் அழுத்த வேண்டும்? அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எல்லோரும் கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்னும்போது அவன் மட்டும் கத்தி கேட்டான். கொய்யாவுக்குக் கத்தி கேட்கிற ஏழுமலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த வாரம் மாமல்லபுரத்தில் ஒரு பகல் கல்யாணம். முடிந்ததும், பேஸை எடுத்துக்கொண்டு வா என்று அவனைத் தனியாக அழைத்துப் போனேன். பஸ் நிலையத்தைத் தாண்டிக் கல் சிற்பம் செதுக்குகிற பட்டறை ஒன்று. கல் அறுக்கும் மெஷின் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அங்கே என்ன ஊதினாலும் யார் காதிலும் விழாது. பட்டறைக்குப் பின்னால் கிடந்த கல் பலகையில் உட்கார்ந்தோம்.

"ஏழுமல, உன் மேல் ஒதட்ல இன்னா அவ்ளோ தடம்?" என்று கேட்டேன்.

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். திரும்பியபோது உள்ளங்கையில் சிவப்பு பிளாஸ்டிக்கில் நான்கு பல். மேல்வரிசை முன்பல். ஈசிஆர் சாலையில் திருவிடந்தை வளைவில் காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டியிருந்ததாம். வண்டி சறுக்கி, முகம் ரோட்டில். கேளம்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டிருக்கிறான். காமாலை என்பது சும்மா. எனக்கு அந்தக் கீழாநெல்லிச் சாறு ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது. அவன் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா தட்டு தான் பாய்," என்றான். பல் இல்லாத வாயில் வார்த்தை வழுக்கியது. "தட்டு தட்டிக்கினு உங்களுக்குப் பின்னால நட்ந்து வர்றதுக்கு நான் வூட்லயே குந்திக்கினு இருப்பேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேறு யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. பல் இல்லாமல் ஒரு முறை ஊதிப் பார் என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்துவிட்டு ஊதினான். நடுச் சுரம் பிசிறியது. கீழே இறங்கினான். கீழ் பி ஃபிளாட் முழுசாக, கனமாக, நாங்கள் உட்கார்ந்திருந்த கல் பலகை வழியாக என் தொடையில் ஏறியது. பட்டறையில் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு, கல் ஏற்றி வரும் லாரி வந்துவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

பல்லைப் போட்டுக்கொண்டு ஊதச் சொன்னேன். புஸ். கழற்றச் சொன்னேன். வந்தது. இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தொலைந்த பொருள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, எடுப்பதுதான் பாக்கி.

யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கீழ் சுரத்துக்குத் தாடை இறங்கும்போது மேலே கட்டிய பல் லேசாக ஆடுகிறது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில், அவனுக்கே தெரியாமல், மவுத்பீஸாலேயே அதை மேலே தாங்கிப் பிடிக்கிறான். காற்றில் அடித்துக்கொள்கிற கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிற மாதிரி. பல் நிற்கிறது, உதடு செத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ பகல் அந்தப் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். அவன் பேஸை மடியில் தாழ வைத்து, குனிந்து ஊதுவான். குனிந்தால் பாரம் தானாக மேலுதட்டுக்குப் போகிறது. மடியில் துண்டை மடித்துப் போட்டு வாத்தியத்தை உயர்த்தினோம். தலை நிமிர்ந்தது. கீழ்த் தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னேன். கீழ்ப்பல் அவனுடைய சொந்தப் பல், பாரத்தை அது தாங்கட்டும். மேலுதடு மவுத்பீஸைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதும். பிறகு மாஸ்டர் முறைப்படி அரைப்படி அரைப்படியாக இறங்கினான். ஒரு படி இறங்குவான், பல் ஆடும், பயந்து நிறுத்துவான். அந்தப் படியிலேயே பயம் போகும்வரை ஊதுவான். மீண்டும் ஒரு படி.

கேளம்பாக்கம் டாக்டரிடமும் அவனோடு போனேன். அவரிடம் இவன் டிரைவர் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறான். பேண்டில் பேஸ் ஊதுகிறவர் என்று நான் போட்டு உடைத்தேன். டாக்டர் அதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டு, பக்கத்துப் பல்லைப் பிடிக்கிற கம்பியை இறுக்கி, மேலண்ணத்தில் படுகிற இடத்தையும் சரிசெய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நிதானமாகப் பார்க்க முடியும், அன்றைக்கு வாருங்கள் என்றார். அப்படியே போனோம்.

மேனேஜர் கேட்கிற நாள் வந்தது. மாஸ்டர் இன்னொரு பேஸை வாடகைக்கு எடுத்து என் பக்கத்தில் வைத்திருந்தார். ஏழுமலை துண்டை மடித்து மடியில் போட்டான். தலை நிமிர்த்தி மூச்சை இழுத்தான். நான் அவன் மேலுதட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கீழ் பி ஃபிளாட் வந்தது. உடையாமல், நடுங்காமல், கடல் சத்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மேனேஜர் தலையாட்டினார். மாஸ்டர் வாடகைப் பேஸைப் பெட்டியில் வைக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார். அதைப் பெட்டியில் வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மனுஷன்தானே. ஆனால் அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று இருவருக்குத்தான் தெரியும், அதில் ஒருவன் நான் என்கிற பெருமை அந்த வருத்தத்தைத் தின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஏழுமலை ஊதினான். மேலுதட்டில் தடம் விழுவது நின்றே போனது. கட்டிய பல்லோடு அவன் முன்னைவிட நன்றாக ஊதினான் என்றுதான் சொல்வேன். முன்பு தானாக வந்தது, இப்போது தெரிந்து செய்கிறான். சட்டம் மட்டும் மாறவில்லை. நடுவில் கார்னெட் ஊதுகிற ஒருவருக்குப் பல் விழுந்து அவர் தட்டுக்குப் போனார். அன்றைக்கெல்லாம் ஏழுமலை யாரோடும் பேசவில்லை. அவரும் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போனார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாஸ்டருக்குச் சர்க்கரை அதிகமாகி ஈறு கெட்டுப்போனது. மேல்வரிசை முன்பல் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எடுத்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு வாரம் வரவில்லை. வந்த அன்று, வாயைக் கைக்குட்டையால் மூடியபடி குடோனுக்குள் நுழைந்தார். நேராக மூலைக்குப் போனார். சிம்பல் தட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றார். அவர் போட்ட சட்டம். முதல் பாட்டைத் தொடங்கச் சொல்லி அங்கிருந்தே தலையை ஆட்டினார்.

நாங்கள் தொடங்கவில்லை. ஏழுமலை பேஸை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். அவன் எழுந்து கடைசி வரிசைக்குப் போனான். மாஸ்டருக்கு எதிரே நின்று, எல்லோரும் பார்க்க, வாய்க்குள் கையை விட்டு, பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பல்லைத்தான் பார்த்தார்.

"எப்போலேந்து?" என்றார்.

"அந்த ஓட்டலுக்குப் போறதுக்கு முன்னாடிலேந்து மாஸ்டர். வண்டிலேந்து வுழுந்துட்டேன். காமால இல்ல."

இவ்வளவு வருஷம் ஒரே கூரையின் கீழே ஏமாற்றியிருக்கிறான். தட்டுக்குப் போய் ஆட்டோ ஓட்டுகிறவர் மாஸ்டரின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கார்னெட் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டுகளைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

"லோ நோட்டும் இத்த போட்டுக்கினு தான் ஊதனியா?"

"ஆமா மாஸ்டர்."

மாஸ்டர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அவர் பொக்கை வாயை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். அந்தப் பல்லை இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒல்லிக் குரலில் கேட்டார்.

"இத்த கட்ன டாக்டரு ஞாயித்துக்கெழம இருப்பாரா?"

"இருப்பாரு மாஸ்டர்" என்று யாரோ சட்டென்று சொன்னார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பிய பிறகுதான், சொன்னது நான் என்று எனக்கே தெரிந்தது.